பதினாறரை மில்லிமீட்டர்

மேசைமேல் இரண்டு ரயில் பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தியிருக்கிறேன். ஒன்று இந்தியாவின் பெரம்பூர் ஐ.சி.எஃப். ஆலைப் பெட்டியின் மாதிரி. மற்றது மலேசிய ரயில்வேயான கேடிஎம்மின் பெட்டி. பிளாஸ்டிக் தகடு வெட்டி நானே கட்டியது. இரண்டும் அசலில் 87-இல் ஒரு பங்கு, அதாவது உலகில் அதிகம் புழங்கும் எச்ஓ அளவு. இரண்டும் நிற்பது ஒரே தண்டவாளத்தில். அதன் அகலம் 16.5 மில்லிமீட்டர்.

பக்கவாட்டில் பார்த்தால் இரண்டிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேசை விளிம்பில் மோவாயை வைத்து நேர் எதிரே பார்த்தால்தான் விஷயம் தெரியும். இந்தியப் பெட்டி அகன்ற உடம்போடு காலை ஒடுக்கிக்கொண்டு நிற்கிறது. மலேசியப் பெட்டி ஒல்லியான உடம்போடு காலை அகட்டி நிற்கிறது. ஒன்று மற்றொன்றின் செருப்பைப் போட்டுக்கொண்டதோ என்று தோன்றும். உண்மையில் இரண்டும் போட்டிருப்பது மூன்றாம் ஆளின் செருப்பு.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 16.5-ஐ 87-ஆல் பெருக்கினால் 1435 மில்லிமீட்டர் வரும். ஐரோப்பாவும் அமெரிக்காவும் பெரும்பாலும் பயன்படுத்தும் பாதை அது. இந்திய அகலப்பாதை 1676. அதை 87-ஆல் வகுத்தால் 19.3 வர வேண்டும், ஆகவே மேசையில் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் குறைகிறது. கேடிஎம் பாதை சரியாக ஒரு மீட்டர், வகுத்தால் 11.5 வர வேண்டும், ஆகவே ஐந்து மில்லிமீட்டர் கூடுகிறது. இருவரும் பொய் சொல்கிறோம், ஆனால் எதிரெதிர்த் திசையில். எங்கள் மலேசியப் பொய்தான் பெரியது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

இதில் வெட்கப்பட ஏதுமில்லை. ரயிலைக் கண்டுபிடித்த பிரிட்டனின் மாதிரி ரயில்காரர்களே தலைமுறை தலைமுறையாக 1:76.2 அளவு வண்டியை இதே 16.5 தண்டவாளத்தில் ஓட்டுகிறார்கள். அந்தக் கணக்குப்படி அவர்கள் நாட்டுப் பாதை 1257 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. பிரிட்டிஷ் எஞ்சின்கள் உருவத்தில் சிறியவை. அன்றைய மோட்டார் உள்ளே அடங்குவதற்காக உடம்பைப் பெரிதாக்கினார்கள், தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள்.

என்னை வியக்க வைத்தது வேறொன்று. ஐ.சி.எஃப். பெட்டியின் அகலம் சுமார் மூன்றேகால் மீட்டர். அசல் அகலப்பாதை அதில் பாதிக்குச் சற்றே மேல். எங்கள் பெட்டியின் அகலம் சுமார் இரண்டே முக்கால் மீட்டர். பொய்யான எச்ஓ தண்டவாளத்தில் அதை ஏற்றினால், பாதை அதிலும் பாதிக்குச் சற்றே மேல். மேசையில் தவறாக நிற்கும் மலேசியப் பெட்டியின் நிற்பு, எழும்பூரில் அசலாக நிற்கும் இந்தியப் பெட்டியின் நிற்பேதான். எங்கள் பொய் அவர்களுடைய உண்மை.

இந்தப் பொழுதுபோக்கில் சேர்ப்பவர், ஓட்டுபவர் என்று இரண்டு சாதி உண்டு. சேர்ப்பவருக்கு இந்த மில்லிமீட்டர்கள் உறுத்தும். கண்ணாடி அலமாரியில் அசையாமல் நிற்கும் பொருளை எந்தக் கோணத்திலும் எவ்வளவு நேரமும் உற்றுப் பார்க்கலாம். ஓட்டுபவருக்கு அந்தக் கவலை இல்லை. வண்டி நகர்ந்துவிட்டால் கண் பக்கவாட்டில்தான் பயணிக்கும். அவருக்கு வருவது வளைவுக் கவலை. 21 மீட்டருக்கு மேல் நீளமுள்ள ஐ.சி.எஃப். பெட்டி எச்ஓ-வில் 24 சென்டிமீட்டரைத் தாண்டும். கடையில் வழக்கமாகக் கிடைக்கும் இறுக்கமான வளைவின் ஆரம் சுமார் 36 சென்டிமீட்டர். அதில் அந்தப் பெட்டி திரும்பும்போது நடுவயிறு உள்ளே சரிந்து பக்கத்து சிக்னல் கம்பத்தைத் தட்டும். எங்கள் கேமரன் மலைக்கு ஏறும் சிம்பாங் பூலாய்ச் சாலையில் நீண்ட லாரிக்குப் பின்னால் ஏறி வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த ஊர்ப் பனி இரு சாதியையும் ஒன்றாக்குகிறது. சேர்ப்பவரின் அட்டைப் பெட்டியில் பூஞ்சை பிடிக்கும். ஓட்டுபவரின் தண்டவாளத்தில் அழுக்குப் படலம் ஏறி மின்சாரம் தடைபடும். ஓட்டுபவர் ஸ்பிரிட் நனைத்த துணியும் கையுமாக இருப்பார். சேர்ப்பவர் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாற்றிக்கொண்டிருப்பார்.

கேமரன் மலையில் மேசையை விட்டால் ரயிலுக்கு வேறு இடமும் இல்லை. வில்லியம் கேமரன் இந்தப் பீடபூமியை அளக்க வந்த 1885-ஆம் ஆண்டிலேதான் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு மலாயாவின் முதல் ரயிலும் ஓடியது. ஒரே ஆண்டில் தொடங்கிய இரண்டும் பிறகு சந்திக்கவே இல்லை. தேயிலை லாரியில் இறங்கியது. நீலகிரிக்கு வாய்த்தது வேறு: 1899-இல் குன்னூருக்குப் பல்சக்கர ரயில் ஏறிவிட்டது, 1908-இல் பாதை ஊட்டியையும் எட்டிவிட்டது.

நீலகிரியைச் சேர்த்தவுடன் என் ஒப்பீடு ஆட்டம் காண்கிறது. அந்தப் பாதையும் ஒரு மீட்டர்தான். மாதிரி உலகில் மீட்டர் பாதைக்கென்றே 12 மில்லிமீட்டர் தண்டவாளம் உண்டு. 87-ஆல் பெருக்கினால் 1044, ஏறக்குறைய உண்மை. சுவிஸ் மலை ரயில்களுக்காக பெமோ நிறுவனம் அந்த அளவில் வண்டிகள் செய்கிறது. நீலகிரியின் எக்ஸ் வகை நீராவி எஞ்சினும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் பிறந்ததே. ஆக, ஊட்டி ரயிலை நேர்மையாக மேசையில் ஓட்ட நினைப்பவரும் கேடிஎம் ரயிலை நேர்மையாக ஓட்ட நினைப்பவரும் வாங்க வேண்டிய தண்டவாளம் ஒன்றே. அகலப்பாதை ரசிகர்தான் எதிர்ப்பக்கம் தனியாக நிற்கிறார்.

உறவு இதோடு நிற்கவில்லை. இந்திய மீட்டர் பாதையின் உழைப்பாளி ஒய்டிஎம்-4 டீசல். தமிழ்நாட்டில் மீட்டர் பாதை பரவலாக இருந்த காலத்தில் எங்கும் ஓடியது, குன்னூரிலிருந்து ஊட்டிக்கும் ஏறியது. 1990-களில் ரைட்ஸ் என்ற இந்திய நிறுவனத்தின் வழியாக அதே எஞ்சின்கள் வாடகைக்குக் கடல் கடந்து வந்து கேடிஎம் பாதையில் ஓடின. பாதை மாற்ற வேலையில்லை. ஒரு மீட்டர் இங்கும் ஒரு மீட்டர்தான். என் அலமாரியில் இந்தியத் தட்டு, மலேசியத் தட்டு என்று இரண்டு உண்டு. ஒய்டிஎம்-4 மாதிரியை எந்தத் தட்டில் வைப்பது என்று இன்றுவரை முடிவு செய்யவில்லை.

அதன் அமெரிக்க உறவுக்கார எஞ்சின் அலாஸ்காவின் ஒயிட் பாஸ் ரயில்பாதையில் ஓடியது. எல்ஜிபி நிறுவனம் அதைத் தோட்டத்தில் ஓட்டும் பெரிய அளவில் செய்து விற்றது, 45 மில்லிமீட்டர் தண்டவாளத்தில். எல்ஜிபியின் 1:22.5 கணக்கில் அந்தத் தண்டவாளம் ஒரு மீட்டர் பாதையைக் குறிக்கிறது. அலாஸ்கா பாதையோ 914 மில்லிமீட்டர். அந்த அமெரிக்க மாதிரி, அமெரிக்காவுக்குத் தப்பான பாதையிலும் நமக்குச் சரியான பாதையிலும் நிற்கிறது.

அடுத்த முறை மலையிறங்கி ஈப்போ போனால், நடைமேடையின் கோடியில் நின்று, உள்ளே வரும் கேடிஎம்மின் இடிஎஸ் மின்சார வண்டியை நேர் எதிரே பாருங்கள். பிறகு யாராவது எச்ஓ மேசை வைத்திருந்தால் அங்கும் போய்க் குனிந்து பாருங்கள். எது அசல் என்பதைச் சக்கரம் சொல்லிவிடும்.