தன்னையே உருவமாக்கிய சட்ட அறிஞர்: ஜெரமி பெந்தாமின் உருவப்படங்கள்

ஜெரமி பெந்தாமின் (1748–1832) உருவப்படங்களை ஆராய்வோர், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் வீற்றிருக்கும் அவரது உடலை வெறும் விந்தைப் பொருளாக ஒதுக்கிவிடுவதுண்டு. அதனையும் ஓவியங்களோடு இணைத்தே வாசிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

லண்டன் வழக்கறிஞர் ஒருவரின் மகனான பெந்தாம், 12 வயதில் ஆக்ஸ்போர்டின் குயின்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அக்காலத்தில் தாமஸ் ஃபிரை தீட்டிய ஓவியத்தில் காணப்படுவது மகனைவிடத் தந்தையின் எதிர்பார்ப்பே எனலாம். 1763இல் பிளாக்ஸ்டோனின் சட்டச் சொற்பொழிவுகளைக் கேட்ட மாணவர், 1776இல் பெயர் குறிப்பிடாமல் வெளியிட்ட நூலில் அவரையே கடுமையாக மறுத்தார். வழக்காடும் தகுதி பெற்றும் நீதிமன்றத்தை நாடாது, சட்டச் சீர்திருத்த எழுத்திலேயே வாழ்நாளைக் கழித்தார். 1829இல் பிக்கர்ஸ்கில் வரைந்த ஓவியம் அந்த முதிய எழுத்தாளரைக் காட்டுகிறது.

தம் உடலை அறுத்தாய்வுக்கு அளிக்கும் விருப்பத்தை 1769ஆம் ஆண்டு உயிலிலேயே, அதாவது 21ஆம் வயதிலேயே, பெந்தாம் பதிவு செய்திருந்தார். அன்றைய இங்கிலாந்தில் கொலைக் குற்றத்திற்காகத் தூக்கிலிடப்பட்டோரின் உடல்களே சட்டப்படி அறுத்தாய்வுக்கு உரியவை. அது தண்டனையின் ஒரு பகுதி. தண்டனையாக இருந்ததைக் கொடையாக மாற்றியதே பெந்தாமின் செயலிலுள்ள சட்டப் பொருள். 1832 மே 30ஆம் நாள் உயிலில், எலும்புக்கூட்டுக்குத் தம் ஆடையை உடுத்தி, சிந்தனையில் ஆழ்ந்திருக்கும் நிலையில் நாற்காலியில் அமர்த்துமாறு பணித்தார். ஜூன் 6இல் மறைந்தார். மூன்றாம் நாள் மருத்துவர் சவுத்வுட் ஸ்மித் உடலை அறுத்து விளக்கவுரை நிகழ்த்தினார். அதே ஆண்டு ஆகஸ்டில் நிறைவேறிய உடற்கூற்றியல் சட்டம், உரிமை கோரப்படாத ஏழைகளின் உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்குத் திறந்துவிட்டது. பெந்தாமின் உடல் அவர் இசைவோடு சென்றது, அவர்களுடையதோ அவ்வாறன்று.

'ஆட்டோ ஐகான்' என்று பெந்தாம் பெயரிட்ட இவ்வுருவத்தின் நோக்கம், ஒவ்வொரு மனிதனும் தனக்குத் தானே சிலையாவது. ஓவியரும் சிற்பியும் தேவையற்றுப் போவது. நடந்தது வேறு. கந்தக அமிலத்தின் மேல் வைத்துக் காற்றுறிஞ்சியால் உலர்த்திய தலை முகபாவம் முற்றும் இழந்தது. எனவே தால்ரிஷ் என்ற பிரெஞ்சுக் கலைஞரைக் கொண்டு மெழுகுத் தலை செய்விக்கப்பட்டது. அதற்கு மூலமாக அமைந்தவை மூன்று என்று ஸ்மித்தே குறித்துள்ளார்: சிற்பி டேவிட் தாஞ்சே செதுக்கிய மார்பளவுச் சிலை, பிக்கர்ஸ்கில்லின் ஓவியம், ஸ்மித்திடமிருந்த மோதிரம். ஓவியத்தை விலக்க எண்ணிய உருவம், ஓவியத்திடமே முகத்தைக் கடன் பெற்றது. ஆகவே பிக்கர்ஸ்கில்லின் படத்தை 1829இன் ஆவணமாக மட்டும் கொள்வது போதாது.

1850இல் கல்லூரியை அடைந்த ஆட்டோ ஐகான், 2020இல் மாணவர் மையத்தின் கண்ணாடிப் பேழைக்கு மாற்றப்பட்டது. உண்மைத் தலை தனியே பாதுகாக்கப்படுகிறது.