ரெட்டினோயிக் அமிலமும் கருப்பைப் புற்றுநோய்க் கலங்களும்

ரெட்டினோயிக் அமிலம் விற்றமின் ஏ-யிலிருந்து உடலுக்குள் உருவாகும் சேர்மம். முருங்கைக்கீரை, கரட், பப்பாளி ஆகியவற்றிலுள்ள கரோட்டீன் முதலில் விற்றமின் ஏ-யாக மாறும். அதில் ஒரு சிறு பங்குதான் இந்த அமிலமாகிறது. கலத்தின் உட்கருவிலுள்ள ஏற்பிப் புரதங்களைப் பற்றிக்கொண்டு சில மரபணுக்களை இயக்குவதும் சிலவற்றை அடக்குவதும் இதன் வேலை. இந்த ஏற்பிகள் 1987இல் அடையாளம் காணப்பட்டன.

கருப்பையின் உட்படலப் புற்றுநோயில் இதன் விளைவை ஆராயப் பெரிதும் பயன்பட்டது, 1983இல் அறிவிக்கப்பட்ட ஆர்எல்95-2 என்ற கல வரிசை. இக்கலங்களுக்கு வடிவம் தரும் அக்டின் புரதம் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும். வளர்ப்புத் தட்டில் ரெட்டினோயிக் அமிலம் சேர்த்ததும் அந்தச் சிதறல்கள் இழைகளாக ஒழுங்குபட்டன; கலங்கள் பருத்து, இயல்பான கலங்களின் சாயலை நோக்கித் திரும்பின. அதாவது, கலத்தைக் கொல்வதைவிட அதை முதிரச் செய்வதே இதன் தனித்தன்மை.

இன்னொரு வழி ஓமோன் சார்ந்தது. உட்படலக் கலங்களைப் பெருகத் தூண்டுவது ஈஸ்ட்ரடயோல். அதை வீரியம் குறைந்த ஈஸ்ட்ரோனாக மாற்றும் நொதியம், ரெட்டினோயிக் அமிலம் பட்ட ஆர்எல்95-2 கலங்களில் கூடுதலாக உற்பத்தியாவதை 2001இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ஆனால் தட்டு வேறு, உடல் வேறு. இத்தகைய சோதனைகளில் வழக்கமாகச் சேர்ப்பது மைக்ரோமோல் அளவு. இரத்தத்தில் இயல்பாக இருப்பதோ சில நானோமோல், அதாவது நூற்றுக்கணக்கான மடங்கு குறைவு. ஒருவகைக் கடுமையான இரத்தப் புற்றுநோயில் ஷாங்காயின் வாங் சென்யீ குழு 1980களில் இதே அமிலத்தால் பெருவெற்றி கண்டது. கருப்பைப் புற்றுநோயில் அப்படியொரு சிகிச்சை நிலைபெறவில்லை. கருப்பைக் கழுத்தில் மட்டும் ஓரளவு பலன் தெரிந்தது: 1994இல் வெளியான அமெரிக்கச் சோதனையில், மருந்தை நேரடியாக இட்ட பெண்களில் 43 சதவீதத்தினருக்கு நடுத்தர நிலை முன்மாற்றம் (புற்றுநோய்க்கு முந்திய கல மாற்றம்) மறைந்தது, மருந்தில்லாக் குழுவில் அது 27 சதவீதம். கடுமையான முன்மாற்றத்தில் பயன் இல்லை.

இதை நம்பி விற்றமின் ஏ மாத்திரைகளை அள்ளி விழுங்கக் கூடாது. அளவு மிஞ்சினால் ஈரல் பாதிக்கப்படும். கர்ப்ப காலத்தில் சிசுவுக்கு ஊனம் நேரலாம்.

இலங்கையின் கினிகத்தேனை, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பெண்களுக்கு இன்று கையெட்டும் உதவி வேறு. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்தும் சுகவனிதையர் கிளினிக்குகள் 1996 முதல் இயங்குகின்றன. 35 வயதில் அங்கு பாப் பரிசோதனை செய்துகொள்ளலாம். அது கருப்பைக் கழுத்துக்கானது. உட்படலப் புற்றுநோயை அது தவறவிடக்கூடும் என்பதால், மாதவிடாய் நின்ற பிறகு சிறிது இரத்தம் பட்டாலும் ஸ்கேனும், தேவைப்பட்டால் திசுப் பரிசோதனையும் செய்ய வேண்டும்.