முத்துப் படகின் பங்கும் ஸ்கூபாப் படகின் இருக்கையும்

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த நாள்களில் படகேறியவர்களுக்கு நாட்கூலி இல்லை, பங்குதான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கரைசேர்ந்த சிப்பியில் மூன்றில் இரு பங்கைப் பிரித்தானிய அரசு எடுத்து ஏலமிட்டது. எஞ்சியதைக் குளியாளிகளும், அவர்களுக்குக் கயிறு பிடித்தவர்களும், படகுக்குரியவரும் பகிர்ந்துகொண்டனர். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட கடற்கட்டிக்கும் சிப்பி உண்டு. பாதுகாப்புக்கும் அங்கே ஒரு செலவுக் கணக்கு இருந்தது. அரசு பெற்ற பங்கு நியாயமானதன்று. எனினும் கடல் ஏமாற்றிய நாளில் அரசுக்கும் வரவு குறைந்தது.

1943இல் கூஸ்தோவும் காஞானும் உருவாக்கிய மூச்சுக்கருவி, குளிப்பைப் பிழைப்பிலிருந்து பொழுதுபோக்காக்கியது. 1966இல் அமெரிக்காவில் தொடங்கிய பாடி போன்ற பயிற்சி அமைப்புகள் அதற்கு ஒரு பொது ஒழுங்கைத் தந்தன. இப்போது படகில் விற்கப்படுவது சிப்பியன்று, இருக்கை.

அந்தமானின் ஹேவ்லாக் தீவு (2018 முதல் சுவராஜ் தீவு) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கிழக்கு வங்க அகதிகள் குடியேறிய வேளாண் தீவு இன்று ஸ்கூபா மையம். 1925இல் பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்களின் வழித்தோன்றல்கள் சிலர் இங்கே படகோட்டிகளாகவும் நீரடி வழிகாட்டிகளாகவும் பணிபுரிகின்றனர்.

படகு புறப்படுமுன்பே செலவின் பெரும்பகுதி உறுதியாகிவிடுகிறது. டீசல், படகோட்டி, பயிற்றுநர், காற்றழுத்தி ஆகியவற்றின் செலவு பயணியர் எண்ணிக்கைக்கேற்ப அதிகம் மாறுவதில்லை. ஒரு பயணத்துக்கு 30,000 ரூபாய் செலவு, இருக்கைக்கு 5,000 ரூபாய் கட்டணம் என்று கொள்வோம். எண்மர் வந்தால் 10,000 ரூபாய் இலாபம்; நால்வர் மட்டுமே வந்தால் அதே அளவு நட்டம். ஒரே பயணத்தில் இரு குளிப்புகள் நடத்தும் வழக்கமும் இக்கணக்கோடு பொருந்துகிறது: உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற இடைவேளை தேவை, டீசலோ ஒருமுறைதான் எரிகிறது.

முதல்முறை இறங்குவோரின் கணக்கு வேறு. அவர்களை ஆழமற்ற, கரைக்கு அருகான இடங்களுக்கே அழைத்துச் செல்வதால் எரிபொருள் மிச்சமாகிறது. ஆனால் ஒரு பயிற்றுநர் மிகச் சிலரையே கவனிக்க முடியும். எனவே, ஒருவரிடம் கூடுதல் பேரை ஒப்படைத்து விரைவாக முடிக்கும் ஆசை இங்கேதான் முளைக்கிறது.

காற்று வலுத்த நாளில் முன்பதிவு நிரம்பியிருந்தால், புறப்படாதிருப்பதே நட்டமாகிறது. பணத்தைத் திருப்பித் தர வேண்டும், வாடகையும் ஓடிக்கொண்டிருக்கும். பங்கு முறையில் எல்லார்மீதும் பரவிய நிச்சயமின்மை, இருக்கை முறையில் உரிமையாளரின் ஏட்டில் திரள்கிறது. அங்கிருந்து, நாட்கூலியாக வேலைசெய்யும் படகோட்டியிடமும், கடலை அறியாத பயணியிடமும் இறங்குகிறது. கடற்கட்டியின் இடத்தில் இன்று இருப்பவை அவசர ஆக்சிஜன் உருளையும் போதுமான பயிற்றுநர்களும்தாம். கணக்கு இறுகும்போது முதலில் வெட்டப்படக்கூடியவையும் அவையே.

ஆகவே இத்தொழிலை அளக்கப் படகு நிரம்பிய நாளின் வரவு போதாது. படகு கரையிலேயே நின்ற நாளில் யாருடைய கூலி போனது என்பதையும் பார்க்க வேண்டும்.