பின்வரிசையில் நிற்கும் பெண்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆக்குபேஷனல் தெரபி முனைவர் படிப்புக்கு விண்ணப்பித்தேன். மதிப்பெண் சான்றுகள், பரிந்துரைக் கடிதங்கள், ஆங்கிலத் தேர்வு எல்லாம் ஒருவழியாக முடிந்தன. முடியாமல் நின்றது ஒரு கட்டுரை: 'இந்தத் துறையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?'

பதினான்கு ஆண்டுகளாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவருகிறேன். "பிசியோதெரபிதானே?" என்று கேட்கும் பெரியப்பாவுக்கும் சொல்லியிருக்கிறேன், "கைவேலை டீச்சரா?" என்று கேட்கும் நோயாளியின் மாமியாருக்கும் சொல்லியிருக்கிறேன். செயல்முறை சிகிச்சை, தொழில்வழி சிகிச்சை என்று தமிழில் பெயர்கள் உண்டு. இரண்டும் இன்னும் வீடுகளுக்குள் போய்ச் சேரவில்லை. கட்டுரைக்காக என் துறையின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

1917 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் ஆறு பேர் கூடி இத்துறைக்கான சங்கத்தைத் தொடங்கினார்கள். மூன்று ஆண்கள், மூன்று பெண்கள். அன்று எடுத்த புகைப்படத்தின் பின்வரிசையில், இரண்டு ஆண்களுக்கு நடுவே இசபெல் நியூட்டன் நிற்கிறார். கூட்டம் நடந்த வீட்டின் உரிமையாளரான ஜார்ஜ் பார்ட்டனின் செயலாளர் அவர். மறு ஆண்டு பார்ட்டனின் மனைவியானார். அந்த நாட்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1968-இல்தான் வெளிவந்தது.

முன்வரிசையில் இருக்கும் எலினார் கிளார்க் ஸ்லேகிள், மனநோயாளிகளுக்கு 'பழக்கப் பயிற்சி' என்ற முறையை வளர்த்தவர். எழுவது, குளிப்பது, உண்பது, வேலை, ஓய்வு என்று ஒரு நாளை ஒழுங்குபடுத்துவதே அங்கே சிகிச்சை. படித்தபோது என் அம்மாதான் நினைவுக்கு வந்தாள். பெண்கள் வீட்டில் காலங்காலமாகச் செய்துவருவது மருத்துவமனைக்குள் வந்ததும் சிகிச்சை என்று பெயர் பெற்றது. வீட்டில் அதற்கு இன்னமும் பெயரில்லை.

மருத்துவமனைக்குள்ளும் மரியாதை எளிதில் வரவில்லை. முதல் உலகப் போரில் காயமடைந்த வீரர்களுக்கு நெசவும் மரவேலையும் கற்றுக்கொடுத்து மீட்ட பெண்களை அமெரிக்க ராணுவம் பதவி தராமல் சிவில் ஊழியர்களாகவே வைத்திருந்தது. ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளுக்கு அதிகாரி நிலை கிடைக்க 1947 ஆகிவிட்டது. இந்தியாவில் இத்துறைக்கான முதல் பள்ளியை 1950-இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் தொடங்கியவரும் ஒரு பெண்தான். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து, இங்கேயே வாழ்ந்த கமலா நிம்ப்கர்.

பதவி தராத உலகத்திடம் பட்டத்தைக் காட்ட வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் இத்தொழிலுக்குள் நுழைய 2007 முதல் முதுகலை கட்டாயம். படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அவை 2017-இல், 2027-க்குள் முனைவர் பட்டமே நுழைவுத் தகுதியாக வேண்டும் என்றது. எதிர்ப்பு எழுந்தது. 2019-இல் இரண்டு பட்டங்களும் செல்லும் என்று முடிவானது. இது ஆராய்ச்சிக்கான பிஎச்.டி. அல்ல, தொழில்முறை முனைவர் பட்டம். பெண்கள் மிகுந்த ஒரு தொழில் தன்னை நம்பவைக்கப் படிப்பை உயர்த்திக்கொண்டே போகும்போது, கட்டணம் கட்ட முடியாத பெண்கள்தான் முதலில் வெளியே நிற்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டுதான் நானும் கடன் விண்ணப்பத்தை நிரப்பினேன்.

ஆனால் 'ஏன்' என்ற கேள்விக்கான பதில் இந்த வரலாற்றில் கிடைக்கவில்லை. என் கையெழுத்திலேயே இருந்தது.

பக்கவாதத்துக்குப் பின் நோயாளி எவ்வளவு தேறியிருக்கிறார் என்று அளக்க பார்தெல் அட்டவணையைப் பயன்படுத்துகிறோம். சாப்பிடுதல், குளித்தல், உடுத்தல், படியேறுதல் என்று பத்து செயல்கள், மொத்தம் 100 மதிப்பெண். 1965-இல் அதை வெளியிட்ட ஃபுளோரன்ஸ் மஹோனி, டொரோதியா பார்தெல் இருவரும் பெண்கள். 100 வாங்கியவராலும் சமைக்கவோ வீட்டைப் பார்த்துக்கொள்ளவோ முடியாமல் போகலாம் என்று அவர்களே எச்சரித்திருந்தார்கள். நாங்கள் அட்டவணையை எடுத்துக்கொண்டோம், எச்சரிக்கையை விட்டுவிட்டோம்.

என்னிடம் 100 வாங்கிப் போன ஓர் அக்கா இரண்டே வாரத்தில் திரும்பி வந்தார். "தோசைக்கல்லத் தூக்க முடியல மேடம். நீங்க சரியாயிடுச்சுன்னு எழுதிக் குடுத்துட்டீங்க, வீட்டுல நான் நடிக்கிறேங்கிறாங்க." அவருடைய கோப்பைத் திறந்தேன். 'வேலைக்குத் திரும்பினாரா?' என்ற கட்டத்தில் நான் எழுதியிருந்தது: 'இல்லத்தரசி. பொருந்தாது.'

கட்டுரையை அந்த ஒரு சொல்லிலிருந்தே தொடங்கினேன். படித்துப் பார்த்த மூத்தவர் ஒருவர், "உன் தப்ப நீயே எழுதினா எப்படி சீட் தருவாங்க? எடுத்துடும்மா" என்றார். எடுக்கவில்லை.

விண்ணப்பத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. அந்த அக்கா செவ்வாய்தோறும் வருகிறார், இப்போது சின்னக் கல்லைத் தூக்குகிறார். எங்கள் படிவத்தில் அந்தக் கட்டத்துக்குக் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டு, 'வீட்டில் என்னென்ன வேலை செய்வார்?' என்று எழுதி நகலெடுத்து வைத்திருக்கிறேன். ஆண்களிடமும் கேட்கிறேன்.