சுக்கான் பிடிச்சவர்தான் கவர்னர்

ஐடி வேலையில இருக்கிறவங்களுக்கு குபர்னெட்டீஸ் தெரிஞ்சிருக்கும். 2014-ல கூகுள் அறிவிச்ச மென்பொருள். லோகோவுல ஒரு கப்பல் சக்கரம் இருக்கும். அதைத் தினமும் பார்த்தும், ஏன் கப்பல்னு நான் ரொம்ப நாள் யோசிச்சதே இல்ல. தேடினப்போதான் தெரிஞ்சது, அந்தப் பேரும் நம்ம ஊர் செய்தியில அடிபடுற 'கவர்னர்'ங்கிற வார்த்தையும் சொந்தக்காரங்க!

கிரேக்கத்தில் 'குபெர்னான்' என்றால் கப்பலைச் செலுத்துவது. சுக்கான் பிடிப்பவர் 'குபெர்னேத்தேஸ்'. ரோமானியர்கள் இதைக் கடன் வாங்கி, லத்தீனில் 'குபெர்னாரே' ஆக்கினார்கள். அதிலிருந்து இத்தாலியில் 'கொவெர்னாரே', ஸ்பானிஷில் 'கொபெர்னார்', பிரெஞ்சில் 'கூவெர்னே'. பிரெஞ்சு வழியா ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம்மகிட்ட வந்தது.

இந்த மொழிகள்ல பழைய அர்த்தம் இன்னும் சாகல. பிரெஞ்சில் சுக்கானுக்குப் பேரே 'கூவெர்னாய்'. கப்பல் சுக்கானுக்குக் கட்டுப்படுதுன்னு சொல்லவும் ஆட்சி செய்யும் அதே வினைச்சொல்தான். இத்தாலியில் மாட்டுக்குத் தீவனம் வைத்துப் பராமரிப்பதும் 'கொவெர்னாரே'! ருமேனிய மொழி இன்னும் சுவாரசியம். அங்கே ஆளுவதற்கு 'கிர்முயி' என்றொரு சொல் உண்டு. அது ஸ்லாவிய மொழியிலிருந்து வந்த, சுக்கானைக் குறிக்கும் 'கிர்மா'விலிருந்து பிறந்தது. வேர் வேற, கற்பனை ஒண்ணுதான்.

சரி, கப்பல் எப்படி அரசாச்சு? சுமார் 2,400 வருஷம் முன்னாடி பிளேட்டோ 'குடியரசு' நூல்ல ஒரு கப்பலைக் காட்டுறார். சுக்கானுக்காக மாலுமிகள் அடிச்சுக்கிறாங்க. ஒருத்தரும் தொழில் கத்துக்கல. நட்சத்திரம் பார்த்து வழி தெரிஞ்சவரை வெட்டிப் பேச்சுக்காரர்னு கிண்டல் பண்றாங்க. அதாவது, ஆளுறது ஒரு திறமை, தெரிஞ்சவங்க கையில கொடுங்கன்னு அவர் சொல்றார்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு இங்கதான் இடிக்குது. எப்படிப் போகணும்னு சுக்கான் பிடிக்கிறவருக்குத் தெரியும். எங்கே போகணும்னு முடிவு பண்றது யார்? அது பயணிகளோட உரிமை இல்லையா?

குபர்னெட்டீஸ்கூட அப்படித்தாங்க. எந்த நிலை வேணும்னு நாம எழுதிக் கொடுக்கணும். அங்கே கொண்டுபோய் நிறுத்துறது மட்டும்தான் அதோட வேலை. கவர்னர்ங்கிற வார்த்தையும் இதைத்தான் ஞாபகப்படுத்துது: கையில இருக்கிறது சுக்கான், கப்பல் அவரோடது இல்ல.

அடுத்த எபிசோட்ல இன்னொரு வார்த்தையோட சந்திப்போம்!