பெட்டிக்குள் ஒரு வரலாறு: இந்திய நெடுந்தொலைவு இரயில்களின் உட்புறப் புதுப்பிப்பு

இரயில்வே வரலாறு எழுதப்படும்போது தண்டவாளங்களும் பாலங்களும் இயந்திரங்களும் முன்னிடம் பெறுகின்றன. எந்த ஆண்டில் எந்தப் பாதை திறக்கப்பட்டது, எந்த ஆற்றின்மீது எவ்வளவு நீளப் பாலம் கட்டப்பட்டது என்பன போன்ற செய்திகளை நூல்கள் தவறாமல் தருகின்றன. பயணி அமர்ந்த பலகையைப் பற்றி அவை பெரும்பாலும் பேசுவதில்லை. ஆனால் பயணியின் உடல் இரயிலில் தொட்டறிவது அந்தப் பலகையையும், சன்னல் கம்பியையும், கழிவறைக் கதவின் தாழ்ப்பாளையும் தான். இரண்டு இரவுகள் நீளும் பயணத்தில் அவனுக்கு இரயில் என்பது அந்தப் பெட்டியின் உட்புறமே.

மலாயாவின் இரயில் பாதைகளில் உழைத்தோரின் வழிவந்தவர்கள் நம்மில் பலர் உள்ளனர். பாதையை அறிந்த அளவுக்குப் பெட்டியையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும் என்னும் எண்ணத்தில், இக்கட்டுரையில் இந்திய நெடுந்தொலைவு இரயில்களின் உட்புறம் எவ்வாறு மாறி வந்தது என்பதைக் காண்போம். பழைய பெட்டி ஒன்றைப் புதுப்பிக்கும்போது ஒரு நிருவாகம் வண்ணத்தையும் மெத்தையையும் மட்டும் முடிவு செய்வதில்லை. யாரை எவ்வாறு நடத்துவது என்பதையும் சேர்த்தே முடிவு செய்கிறது. இதுவே நாம் இங்கு நிறுவ முயலும் கருத்து.

மூன்றாம் வகுப்பு என்னும் பாடம்

1915ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவிலிருந்து தாயகம் திரும்பிய காந்தியடிகள், இந்தியாவெங்கும் மூன்றாம் வகுப்பிலேயே பயணம் செய்தார். வடக்கே இலாகூர், தெற்கே தரங்கம்பாடி, மேற்கே கராச்சி, கிழக்கே கல்கத்தா வரை அப்பயணங்கள் நீண்டன. அந்த அனுபவத்தை 1917ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இராஞ்சியிலிருந்து ஒரு கட்டுரையாக எழுதினார். பம்பாயிலிருந்து சென்னைக்கு வந்த பயணமே அதன் மையம்.

அவர் ஏறிய பெட்டி 22 பேர் அமர்வதற்கென அமைந்தது. படுப்பதற்கு அதில் வசதியில்லை. வழியில் அதற்கு மேலும் ஆட்கள் ஏற்றப்பட்டனர். பயணம் முடியும் வரை பெட்டி பெருக்கப்படவில்லை. கழிவறை துப்புரவு செய்யப்படவில்லை. தண்ணீர்த் தொட்டியில் தண்ணீரும் இல்லை. இவற்றையெல்லாம் பதிவு செய்த அவர் ஒரு கணக்கையும் முன்வைத்தார். முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்புக் கட்டணத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது. அப்படியானால் மூன்றாம் வகுப்புப் பயணிக்கு முதல் வகுப்பு வசதியில் ஐந்தில் ஒரு பங்காவது கிடைக்க வேண்டுமே, கிடைக்கிறதா என்பதே அவருடைய வினா.

அவர் இரக்கத்தை வேண்டவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். செலுத்திய பணத்துக்கு ஈடான உரிமையையே கேட்டார். இரயில் பெட்டியின் உட்புறத்தை அரசியல் நீதியின் அளவுகோலாகக் கொண்ட முதன்மையான எழுத்துகளுள் ஒன்றாக அக்கட்டுரையைக் கொள்ளலாம்.

பெரம்பூரில் பிறந்த எஃகுக்கூடு

விடுதலைக்கு முந்தைய பெட்டிகள் பலவற்றில் எஃகு அடிச்சட்டத்தின்மேல் மரத்தாலான உடல் பொருத்தப்பட்டிருந்தது. விபத்து நேர்ந்தால் மரம் சிதறும். ஒரு பெட்டி மற்றொன்றினுள் புகுந்துவிடும். இக்கேட்டைத் தவிர்க்க, அடிச்சட்டமும் சுவரும் கூரையும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட முழு எஃகுக்கூடு தேவைப்பட்டது. அதற்காக இந்திய அரசு 1949ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. அதன் விளைவாகச் சென்னைப் பெரம்பூரில் எழுந்த இரயில் பெட்டித் தொழிற்சாலையை 1955ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பிரதமர் நேரு திறந்து வைத்தார். ஐ.சி.எஃப். என்று மக்கள் அழைப்பது இதனையே.

தொடக்கத்தில் அத்தொழிற்சாலை வெற்றுக்கூடுகளை மட்டுமே செய்தது. இருக்கை, விளக்கு, மின்விசிறி, கழிவறை ஆகியவற்றைப் பொருத்தும் வேலை இரயில்வேப் பணிமனைகளில் நடந்தது. உட்புற வேலைக்கான தனிப்பிரிவு 1962ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பெரம்பூரிலேயே தொடங்கப்பட்டது. கூடு ஓரிடத்திலும் உள் வேறிடத்திலும் என்றிருந்த நிலை அன்று மாறியது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் இந்தியாவின் நெடுந்தொலைவுப் பயணம் பெரும்பாலும் இவ்வகைப் பெட்டிகளிலேயே நடைபெற்றது.

பெயர் மாற்றமும் பொருள் மாற்றமும்

1974ஆம் ஆண்டில் மூன்றாம் வகுப்பு ஒழிக்கப்பட்டது. நேற்று மூன்றாம் வகுப்பாக இருந்தது இன்று இரண்டாம் வகுப்பானது. ஆயினும் பெயர்ப்பலகை மாறிய அளவுக்குப் பெட்டியின் உள் மாறவில்லை. இரவு முழுதும் வெறும் மரப்பலகையில் படுத்துச் சென்றவர்கள் அதே பலகையில்தான் தொடர்ந்து படுத்தனர்.

பொருள் மாற்றம் 1977ஆம் ஆண்டுக்குப் பின்னர் வந்தது. அவ்வாண்டில் இரயில்வே அமைச்சராகப் பொறுப்பேற்ற மது தண்டவதே, இரண்டாம் வகுப்புப் படுக்கைகளின்மீது இரண்டு அங்குல நுரைமெத்தை பொருத்தச் செய்தார். முதல் வகுப்பை மேலும் உயர்த்துவதைவிட இரண்டாம் வகுப்பின் தாழ்நிலையை மாற்றுவதே அவருடைய நோக்கமாக இருந்தது. புதிய பாதையோ புதிய இயந்திரமோ அதற்குத் தேவைப்படவில்லை. இருந்த பெட்டியின் உட்புறம் சற்றே திருத்தப்பட்டது. முதலில் சில இரயில்களில் வந்த இம்மாற்றம் படிப்படியாகப் பரவியது. இன்று ரெக்சின் உறையிட்ட மெத்தையின்றி ஒரு படுக்கைப் பெட்டியை நம்மால் எண்ணிப் பார்க்கவும் இயலாது.

'வகுப்பு' என்னும் சொல்லை மாணவர்களுக்கு விளக்கும் ஆசிரியர்கள் இந்த நிகழ்வை எடுத்துக்காட்டலாம். பள்ளியிலும் சமூகத்திலும் இரயிலிலும் ஒரே சொல் வழங்குகிறது. 1974இல் மாறியது சொல். 1977க்குப் பின் மாறியது அச்சொல்லின் பொருள்.

நடுவயதில் ஒரு மருத்துவம்

ஐ.சி.எஃப். பெட்டியின் ஆயுள் 25 ஆண்டுகள் என்று வரையறுக்கப்பட்டது. ஆனால் 12 முதல் 15 ஆண்டுகளிலேயே அதன் உடல் தளர்ந்துவிடும். எனவே, பாதி ஆயுளில் பெட்டியை முழுமையாகப் பிரித்துச் சீரமைக்கும் முறை உருவானது. அதற்கென்றே மத்தியப் பிரதேசத் தலைநகர் போபாலின் நிஷாத்புராவில் 1989ஆம் ஆண்டில் ஒரு பணிமனை நிறுவப்பட்டது.

அங்கு நடைபெறும் வேலையை வரிசைப்படி நோக்கினால் புதுப்பித்தல் என்பதன் உண்மைப் பொருள் விளங்கும். முதலில் இருக்கைகளும் படுக்கைகளும் கழற்றப்படுகின்றன. பின்னர்ச் சுவர்ப்பலகைகள், கூரைப்பலகைகள், மின்கம்பிகள், தண்ணீர்க் குழாய்கள், தரைவிரிப்பு ஆகியவை அகற்றப்படுகின்றன. இறுதியில் எஞ்சுவது பெரம்பூரிலிருந்து முதன்முதலில் வெளிவந்த எஃகுக்கூடு மட்டுமே. அப்போதுதான் நோய் வெளிப்படும்.

அந்நோயின் பெயர் துரு. கழிவறைகளின் அடியிலும் வாயிற்புறங்களிலும் அது மிகுதியாகக் காணப்படும். தரையைக் கழுவும் நீரும் கழிவறை நீரும் விரிப்பின் இணைப்புகள் வழியே கசிந்து, கண்ணுக்குத் தெரியாத அடித்தகட்டில் தேங்கி, எஃகை அரித்துவிடுகின்றன. மேலே விரிப்பு பளபளப்பாக இருக்கும். கீழே தகடு சல்லடையாகியிருக்கும். அரித்த பகுதிகளை வெட்டி நீக்கி, புதிய தகடுகளைப் பற்றவைத்து, துருத்தடுப்புப் பூச்சு பூசிய பின்னரே தரையும் சுவரும் படுக்கையும் மீண்டும் அமைக்கப்படுகின்றன.

ஆகவே, உட்புறத்தைப் புதுப்பித்தல் ஒப்பனை வேலையன்று. உள்ளே எதையும் கழற்றாமல் புதிய உறை மாட்டுவது ஒப்பனை. கழற்றிப் பார்த்து, அடித்தகட்டைக் காப்பாற்றுவதே புதுப்பித்தல். பயணி கண்ணால் காண்பது முன்னதை. அவனுடைய உயிர் சார்ந்திருப்பது பின்னதை.

கழிவறையும் அதற்கு வெளியே நிற்பவரும்

நெடுங்காலம் இரயில் கழிவறையின் அடிப்புறம் திறந்தே இருந்தது. கழிவு நேராகத் தண்டவாளத்தில் விழுந்தது. நிலையங்களில் வண்டி நிற்கும்போது கழிவறையைப் பயன்படுத்தக் கூடாது என்னும் அறிவிப்பு இதனால்தான் எழுதப்பட்டது. அக்கழிவு தண்டவாளத்தையும் அதன் பிணைப்புகளையும் அரித்தது. 2012ஆம் ஆண்டில் அறிக்கை அளித்த அனில் ககோட்கர் தலைமையிலான பாதுகாப்புக் குழு இதனைச் சுட்டிக்காட்டியது.

அரிக்கப்பட்டது எஃகு மட்டுமன்று. நிலையத் தண்டவாளங்களில் இறங்கி அக்கழிவை அகற்றிய துப்புரவுத் தொழிலாளரின் மானமும் அரிக்கப்பட்டது. பெட்டியினுள் இருந்தவர் தூய்மையாக இருப்பதற்கு, வெளியே ஒருவர் இழிவைச் சுமக்க நேர்ந்தது.

பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வுடன் இணைந்து இரயில்வே உருவாக்கிய உயிரிக் கழிவறை இந்நிலையை மாற்றியது. கழிவறையின் அடியில் பொருத்தப்பட்ட தொட்டியில் நுண்ணுயிரிகள் கழிவைச் சிதைத்து நீராகவும் வாயுவாகவும் மாற்றுகின்றன. 2016ஆம் ஆண்டு சூலை மாதத்தில் இராமேசுவரம் – மானாமதுரை இடையிலான 114 கிலோமீட்டர் பாதை, தண்டவாளத்தில் கழிவு விழாத இந்தியாவின் முதல் பசுமை வழித்தடமாக அறிவிக்கப்பட்டது. பழைய பெட்டிகளிலும் இத்தொட்டிகள் பொருத்தப்பட்டமையால்தான் இது கைகூடியது. புதிய பெட்டிகளுக்காகக் காத்திருந்தால் இன்னும் ஒரு தலைமுறை கடந்திருக்கும்.

பின்னோக்கிய ஓர் அடி

எல்லா மாற்றங்களும் முன்னேற்றமாக அமைந்துவிடவில்லை. படுக்கைப் பெட்டியில் நடைவழியின் ஒருபுறம் ஆறு படுக்கைகளும், மறுபுறம் சன்னலோரத்தில் கீழும் மேலுமாக இரண்டு படுக்கைகளும் இருக்கும். ஒன்பது பகுதிகளுக்கும் சேர்த்து 72 பேர் பயணம் செய்யலாம். 2007ஆம் ஆண்டளவில் சன்னலோரத்தில் நடுப்படுக்கை ஒன்று கூடுதலாகப் புகுத்தப்பட்டது. 72 என்பது 81 ஆனது. அதே இயந்திரம், அதே பெட்டி, அதே பாதை. வருவாய் மட்டும் எட்டில் ஒரு பங்கு கூடும் என்பது கணக்கு.

கணக்கு சரியாகவே இருந்தது. உடல்தான் அதற்கு இசையவில்லை. மூன்று படுக்கைகளுக்கிடையே நிமிர்ந்து உட்கார இடமில்லை. இரண்டு பேர் அமர்ந்த சன்னலோரத்தில் மூவர் அமர வேண்டியிருந்தது. முதியோரும் குழந்தையுடன் வந்த தாய்மாரும் பெரிதும் இடர்ப்பட்டனர். பயணிகளின் எதிர்ப்பு வலுத்தது. 2009ஆம் ஆண்டில் அமைச்சர் மாறியபின் அப்படுக்கைகளை அகற்ற முடிவு செய்யப்பட்டது. காந்தியடிகளின் பெட்டியில் 22 என்று எழுதப்பட்டிருந்த எண்ணை இங்கே நாம் நினைவுகூரலாம். அன்று எழுதிய எண்ணை மீறி ஆட்கள் ஏற்றப்பட்டனர். இங்கு எழுதும் எண்ணையே மாற்றினர்.

உட்புறத்தில் பயன்படுத்தும் பொருள்களும் உயிரோடு தொடர்புடையவை. 2012ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் அதிகாலை, சென்னை நோக்கி வந்த தமிழ்நாடு விரைவு இரயிலின் படுக்கைப் பெட்டி ஒன்று நெல்லூர் அருகே தீப்பற்றியது. உறங்கிக்கொண்டிருந்தவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சன்னல்களில் கம்பிகள் உள்ள பெட்டியில், தீ பரவும் வேகத்துக்கும் மனிதர் வெளியேறும் வேகத்துக்கும் இடையே நடக்கும் போட்டியில் இருக்கை உறையும் சுவர்ப்பலகையும் எதனால் ஆனவை என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. எளிதில் தீப்பற்றாத பொருள்களைப் பழைய பெட்டிகளிலும் பொருத்துவது வசதிக்காகச் செய்யும் வேலையன்று.

இறுதிக் காலமும் எஞ்சும் வினாவும்

2018ஆம் ஆண்டு சனவரியில் பெரம்பூர்த் தொழிற்சாலை அப்பழைய வகைப் பெட்டிகளின் உற்பத்தியை நிறுத்தியது. செருமானிய வடிவமைப்பிலான எல்.எச்.பி. பெட்டிகள் அவற்றின் இடத்தைப் பெற்றன. ஆனால் உற்பத்தி நின்ற நாளில் பயணம் நின்றுவிடவில்லை. பல்லாயிரம் பழைய பெட்டிகள் தொடர்ந்து ஓடின. அதே ஆண்டில் 'உத்கிருஷ்ட்' என்னும் திட்டத்தின்கீழ் 640 அஞ்சல், விரைவு இரயில் தொடர்களைப் புதுப்பிக்கும் பணி தொடங்கியது. எல்.இ.டி. விளக்குகள், திருத்திய கழிவறைகள், இருளில் ஒளிரும் குறியீடுகள், பார்வையற்றோருக்கான பிரெயில் எழுத்துகள் ஆகியவை அவற்றுள் இடம்பெற்றன. இராஜதானி, சதாப்தி போன்ற உயர்கட்டண இரயில்களுக்கான புதுப்பிப்புத் திட்டம் இதற்கு முந்தைய ஆண்டிலேயே வந்துவிட்டது என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும். யாருடைய இருக்கை முதலில் மாற்றப்படுகிறது என்னும் வரிசையும் ஒரு வரலாற்றுச் சான்றே.

நூறாண்டுக் கதையைத் தொகுத்து நோக்கினால், பயணியின் நிலை மேம்பட்ட இடங்களிலெல்லாம் யாரோ ஒருவர் பெட்டியினுள் அமர்ந்தவரின் நிலையில் நின்று சிந்தித்திருக்கிறார். பின்னடைவு நேர்ந்த இடத்தில் பெட்டியை வெளியிலிருந்து எண்ணிக்கையாக மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

மாணவர்களுக்கு ஒரு சிறு பணியை இங்கே முன்வைக்கிறோம். உங்கள் வீட்டு முதியவரிடம் அவர் சென்ற பழைய இரயில் பயணம் ஒன்றைப் பற்றிக் கேளுங்கள். எந்த நிலையத்தில் ஏறினார் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எதன்மேல் அமர்ந்தார், எங்கே படுத்தார், தண்ணீர் கிடைத்ததா, பக்கத்தில் எத்தனை பேர் இருந்தனர் என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடைகளை எழுதி வைத்தால், எந்தக் கால அட்டவணையிலும் இடம்பெறாத ஒரு வரலாறு உங்கள் கையில் இருக்கும்.