ஒரு சோறு பதம்: ஓர் இரங்கல்

தோற்றம்: 1888. மறைவு: 2020 நவம்பர் 3. சொந்த ஊர்: அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், வாபாஷ் ஆற்றங்கரை டெரஹோட் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட வீகோ கவுண்டி. வயது 132.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அமெரிக்க அதிபர் தேர்தல் என்கிற பெரும் பானைக்கு அந்த ஒரு சோறாக இருந்தது வீகோ. கவுண்டி என்றால் ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. ஆனால் வீகோவின் மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்றே அதிகம். 1888 முதல் 2016 வரை நடந்த 33 அதிபர் தேர்தல்களில் இந்தச் சின்ன ஊர் யாருக்கு அதிக வாக்குப் போட்டதோ, அவரே 31 முறை வெள்ளை மாளிகைக்குப் போனார். தவறியது 1908-லும் 1952-லும் மட்டும். 1956 முதல் தொடர்ந்து 16 தேர்தல் ஒரு தடவைகூடப் பிசகவில்லை. கென்னடி, நிக்சன், கார்ட்டர், ரீகன், கிளின்டன், புஷ், ஒபாமா, டிரம்ப் என்று கட்சி மாறி மாறி வந்தவர்கள் எல்லோரும் இங்கே ஜெயித்துவிட்டுத்தான் அங்கே போனார்கள். 2020-ல் வீகோ மறுபடியும் டிரம்ப் பக்கம் நின்றது. நாடு 70 லட்சத்துக்கு மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜோ பைடனைத் தேர்ந்தெடுத்தது. கதை அன்றோடு முடிந்தது.

இருந்தவரை நல்ல மரியாதை. நான்கு ஆண்டுக்கு ஒரு முறை நியூயார்க்கிலிருந்தும் வாஷிங்டனிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் செய்தியாளர்கள் வந்து இறங்குவார்கள். காலைச் சிற்றுண்டிக் கடையில் முட்டையும் காபியுமாக உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் மைக்கை நீட்டி, இந்த முறை யாருக்கு என்று கேட்பார்கள். அவரும் ஏதோ சொல்வார். அது அன்றிரவு அமெரிக்க மக்களின் மனநிலை என்று ஒளிபரப்பாகும்.

ஏன் இந்த ஊர்? டெரஹோட் ஒரு கலவை ஊர். சுற்றிலும் நிலக்கரிச் சுரங்கம், குறுக்கே ரயில் பாதைகள், கண்ணாடி ஆலைகள். கோகோ கோலாவின் இடுப்பு வளைந்த பாட்டிலை 1915-ல் வடிவமைத்தது இங்கிருந்த ரூட் கண்ணாடி ஆலை. தொழிற்சங்கத்தில் ஊறிய குடும்பங்கள் ஒரு பக்கம்; ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயம் போகும் பழமைவாதக் குடும்பங்கள் இன்னொரு பக்கம். பல வீடுகளில் இரண்டும் ஒரே குடும்பம்தான். இண்டியானா மாநிலப் பல்கலைக்கழகம் இருப்பதால் பேராசிரியர்களும் மாணவர்களும் உண்டு. மரண தண்டனை நிறைவேற்றப்படும் மத்தியச் சிறையும் இதே ஊரில்தான்.

அமெரிக்க சோஷலிஸ்டுகளின் பெருந்தலைவர் யூஜின் டெப்ஸ் பிறந்ததும் டெரஹோட்டில்தான். அவர் ஐந்து முறை அதிபர் தேர்தலில் நின்றார். ஐந்தாவது முறை, 1920-ல், போருக்கு எதிராகப் பேசிய குற்றத்துக்காக அட்லாண்டா சிறையில் இருந்தபடியே நின்று 9 லட்சத்துக்கு மேல் வாக்கு வாங்கினார். கைதி எண் 9653-க்கு வாக்களியுங்கள் என்று சட்டையில் குத்திக்கொள்ளும் பொத்தான்கள்கூட வந்தன. அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம். ஆனால் ஒரு தடவைகூட ஊர் அவரை முதலிடத்தில் வைக்கவில்லை. சொந்த ஊர்ப் பாசத்தைவிட ஜெயிக்கிற கை முக்கியம் என்று நினைத்த ஊர் அது; அப்படி நினைத்ததால்தான் அதற்கு இத்தனை பேர்.

1984-ஐ மட்டும் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். அந்த செப்டம்பரில் டெரஹோட்டில் புதிதாகத் திறந்த ஆலை அமெரிக்காவிலேயே முதல்முறையாக இசைக் குறுந்தகடு தயாரித்தது. அச்சான முதல் இசைத்தொகுப்பு புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' அதன் தலைப்புப் பாட்டு, வியட்நாம் போய் வந்து வேலை கிடைக்காமல் நிற்கும் தொழிலாளியின் கதை. அதே மாதம் நியூஜெர்சியில் பிரசாரம் செய்த ரீகன், நம்பிக்கை தரும் பாடகர் என்று ஸ்பிரிங்ஸ்டீனைப் புகழ்ந்தார். பாட்டை முழுதாகக் கேட்டவர் யாரும் அந்தப் பேச்சை எழுதிக் கொடுத்திருக்க மாட்டார். ஆனால் டெரஹோட் தொழிலாளிகள் அந்த நவம்பரில் ரீகனுக்கே போட்டார்கள். எட்டு ஆண்டு கழித்து கிளின்டனுக்குப் போட்டார்கள். சோனி நிறுவனம் நடத்திவந்த அந்த ஆலை 2018-ல் குறுந்தகடு அச்சிடுவதை நிறுத்தியது. சில நூறு பேர் வேலை இழந்தார்கள். 1983-ல் அமெரிக்கத் தொழிலாளர்களில் நூற்றுக்கு 20 பேர் தொழிற்சங்கத்தில் இருந்தார்கள். 2020-ல் 11 பேர்கூட இல்லை. இந்தத் தொழிலாளர் குடும்பங்களை ஜனநாயகக் கட்சியோடு கட்டி வைத்திருந்த கயிறு அந்தச் சங்கம்தான்.

வீகோ தனியாகப் போகவில்லை. அந்த வம்சத்தில் மூத்தது மெய்ன் மாநிலம். அங்கே 1950-களின் கடைசி வரை ஆளுநர் தேர்தல் செப்டம்பரிலேயே நடக்கும். மெய்ன் போகிற வழியில்தான் நாடு போகும் என்று ஒரு சொல்லே இருந்தது. 1936-ல் ரூஸ்வெல்ட் நாட்டையே வாரிக்கொண்டு போக, எதிர்த்து நின்ற லாண்டனுக்குக் கிடைத்தது மெய்னும் பக்கத்து வெர்மான்ட்டும் மட்டும். மெய்ன் போகிற வழியில் வெர்மான்ட் போகும் என்று ரூஸ்வெல்ட்டின் தேர்தல் தளபதி ஜேம்ஸ் ஃபார்லி கிண்டலடித்ததோடு அந்தச் சொல் செத்தது. ஓரிகனின் குரூக் கவுண்டி 1988 வரை ஒரு தேர்தலும் தவறாமல் தாக்குப்பிடித்துவிட்டு 1992-ல் தவறியது. மிசௌரி மாநிலம் 1904-லிருந்து ஒரே ஒரு முறை, 1956-ல், தவறிய பெருமையோடு வந்து 2008-ல் விழுந்தது. ஒஹையோ 2020-ல் போயிற்று. 1952-லிருந்து பிசகாத நியூ மெக்சிகோவின் வலென்சியா கவுண்டிக்கும் அதே இரவில்தான் சாவு.

2020 ஒரு கொள்ளைநோய் ஆண்டு. இந்த வம்சத்துக்கும் அப்படியே. 1980 முதல் 2016 வரை பத்துத் தேர்தல்களிலும் வென்றவருக்கே வாக்களித்த கவுண்டிகள் 19 இருந்தன. அவற்றில் 18 டிரம்புக்குப் போட்டுத் தவறின. இந்த 18-ஐக் காட்டி, பாருங்கள், தேர்தலே மோசடி என்று பெரும் கூச்சல் எழுந்தது. காரணம் மோசடி இல்லை. அந்த ஊர்களில் பெரும்பாலானவற்றில் வெள்ளையர் அதிகம், பட்டதாரிகள் குறைவு. தப்பிப் பிழைத்தது வாஷிங்டன் மாநிலத்து மேற்குக் கோடியில், கடலைத் தாண்டினால் கனடா என்ற இடத்தில் இருக்கும் கிளாலம் கவுண்டி. மரம் வெட்டும் ஊரும் ஓய்வுபெற்றவர்கள் குடியேறிய ஊரும் மகா என்னும் பழங்குடியினரின் நிலமும் சேர்ந்த கலவை. 2024-ல் அது கமலா ஹாரிஸுக்குப் போட்டது. அவருடைய தாய்வழிப் பூர்வீக ஊரான திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்துத் தர்மசாஸ்தா கோயிலிலும் அவருக்காக அபிஷேகம் நடந்தது. இரண்டும் பலிக்கவில்லை. கடைசி வாரிசும் போயிற்று.

இறப்புச் சான்றிதழில் காரணம் என்று ஒன்று எழுத வேண்டுமானால், படிப்பு என்று எழுதலாம். கல்லூரிப் பட்டம் இல்லாத வெள்ளையர்களை 1990-களில் பில் கிளின்டனும் குடியரசுக் கட்சியும் ஏறத்தாழச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். பட்டம் பெற்ற வெள்ளையர்களில் 2012-ல்கூட குடியரசுக் கட்சியின் ராம்னியே முன்னிலை. 2020-க்குள் இரண்டும் மாறிவிட்டன. பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி 2020-ல் பட்டம் பெற்ற வெள்ளையர்களில் 57 சதவீதம் பைடனுக்கு; பட்டம் இல்லாத வெள்ளையர்களில் 65 சதவீதம் டிரம்புக்கு. வீகோவில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் வெள்ளையர். பட்டதாரிகள் நாலில் ஒருவருக்கு அருகே, நாட்டின் சராசரியோ மூன்றில் ஒருவருக்கு மேல். 2008-ல் ஒபாமாவுக்கு 57 சதவீதம் போட்ட ஊர், 2012-ல் அவரை மயிரிழையில் கரையேற்றி, 2016-ல் டிரம்புக்கு 55 சதவீதத்தை ஒட்டிக் கொடுத்ததற்கு இதைவிட வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. ஊரில் ஆள் அதிகம் மாறவில்லை. ஆட்கள் வாக்குப் போடும் காரணம் மாறியது.

சேர்ந்து இருந்தவர்கள் பிரிந்தும் போனார்கள். பத்திரிகையாளர் பில் பிஷப் 2008-ல் வெளியிட்ட புத்தகத்தில் ஒரு கணக்குப் போட்டார்: ஒரு கட்சி 20 சதவீதப் புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிக்கும் கவுண்டிகளில் 1976-ல் வாழ்ந்த வாக்காளர்கள் கால்வாசிக்குக் கொஞ்சம் அதிகம், 2004-ல் கிட்டத்தட்டப் பாதி. பட்டதாரிப் பிள்ளைகள் வேலை தேடி இண்டியானாபொலிஸ், சிகாகோ என்று போய்விட, ஊரில் அப்பா அம்மா மட்டும் மிஞ்சுகிறார்கள். இப்படி ஒவ்வொரு ஊரும் ஒரே நிறமாகிவிட்டால் எந்தச் சோற்றை நசுக்கிப் பார்த்தாலும் அந்தச் சோற்றின் பதம்தான் தெரியும்.

இறந்தவரைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: இந்த ஜோசியத்தில் பாதி தற்செயல். அமெரிக்காவில் கவுண்டிகள் 3,100-க்கு மேல். பத்துத் தேர்தலுக்கும் காசைச் சுண்டிப் போட்டு முடிவு செய்தால்கூட மூன்று கவுண்டிகள் பத்திலும் சரியாகச் சொல்லிவிடும். நாடு ஒரு பக்கம் சாயும்போது பல கவுண்டிகள் சேர்ந்தே சாய்வதால் அந்த மூன்று இன்னும் பெருகும். ஆய்வாளர்கள் எட்வர்ட் டஃப்டியும் ரிச்சர்ட் சன்னும் 1975-லேயே இதை ஆராய்ந்து, பழைய தேர்தல்களில் தவறாத ஊர் என்பதால் அடுத்த தேர்தலிலும் தவறாது என்று நம்ப முகாந்திரம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். செய்தி நிறுவனங்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொண்டிருந்தால் சிற்றுண்டிக் கடைக்குப் போக முடியாது.

இன்னொரு விசித்திரம். 1888, 2000, 2016 ஆகிய மூன்று தேர்தல்களிலும் வென்றவரைவிடத் தோற்றவருக்கே நாடு முழுக்க அதிக வாக்கு விழுந்தது. மாநிலங்களுக்கு ஒதுக்கிய தேர்வாளர் எண்ணிக்கைதான் முடிவைத் தீர்மானித்தது. மூன்றிலும் வீகோ வென்றவர் பக்கம் இருந்தது. அதிக வாக்கு விழுந்ததோ எதிர்ப்பக்கம். அதாவது நாட்டின் மனசாட்சி என்று கொண்டாடப்பட்ட ஊர், கவனித்துப் பார்த்தால், ஒரு விசேஷமான எண்ணும் முறையைத்தான் நன்றாகக் கணித்தது.

இப்போது ஊரை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்க்கிறார்கள். வாக்குச்சாவடி வாசலிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளும் முறையை சி.பி.எஸ். தொலைக்காட்சிக்காக வாரன் மிட்டோஃப்ஸ்கி 1967-ல் கென்டக்கியில் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்தது இன்றைய கட்டம் கட்டமான கணக்கு: கறுப்பினத்தவர் இத்தனை, லத்தீனோ இத்தனை, ஆசியர் இத்தனை, கிராமத்துப் பெண்கள் இத்தனை. வீகோவைவிட இது துல்லியம்தான். ஆனால் கட்டங்களும் நகர்கின்றன. டெக்சாஸில் மெக்சிகோ எல்லையோரம் இருக்கும் ஸ்டார் கவுண்டியில் நூற்றுக்கு 97 பேர் லத்தீனோக்கள். 1892-க்குப் பிறகு 2020 வரை அது குடியரசுக் கட்சி வேட்பாளரை ஆதரித்ததே இல்லை; 2012-ல் ஒபாமாவுக்கு 86 சதவீதம் கொடுத்த ஊர். 2024-ல் டிரம்புக்கு 57 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. நாடு முழுக்க லத்தீனோக்களில் ஹாரிஸுக்கு 51, டிரம்புக்கு 48 என்கிறது பியூ. லத்தீனோ வாக்கு என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தவர்கள் அதை அவிழ்த்துப் பார்க்க வேண்டி வந்தது.

எனக்கு வருத்தம் ஜோசியம் போனதில் இல்லை. அப்பா ரீகனுக்கும், அதே அப்பா எட்டு ஆண்டில் கிளின்டனுக்கும் போடக்கூடிய வீடுகள் ஒரு தெருவில் நாலைந்து இருந்தன என்றால், இரண்டு கட்சிக்காரனும் அந்தத் தெருவுக்கு வந்து கதவைத் தட்டினான். வேலை, விலைவாசி, ஆலை என்று அவர்களுக்கு ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருந்தது. வீகோவில் எந்தக் கட்சியும் இன்று அந்த அளவுக்கு வியர்வை சிந்துவதில்லை. ஒருவருக்கு அது கையில் இருக்கும் ஊர், மற்றவருக்குக் கைவிட்ட ஊர். 2024-ல் வீகோ டிரம்புக்குப் போட்டது, டிரம்பும் ஜெயித்தார். கணக்கில் அது மறுபடியும் சரிதான். ஆனால் அடுத்த தேர்தலில் யார் நின்றாலும் அங்கே குடியரசுக் கட்சி ஜெயிக்கும் என்று இன்றே சொல்லிவிடலாம் என்னும்போது, அதை உயிர்த்தெழுதல் என்று சொல்வதற்கில்லை.

2028-ல் ஏதாவது ஒரு தொலைக்காட்சி, இத்தனை தேர்தலாகத் தவறாத ஊர் இது என்று எங்கேயாவது மைக்கோடு போய் நிற்கும். அதைப் பார்க்க நேர்ந்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: போன முறை ஒரு கட்சிக்கும் அதற்கு முந்தைய முறை மற்றதற்கும் போட்டவர்கள் அந்த ஊரில் எத்தனை பேர் என்று செய்தியாளர் சொல்கிறாரா? சொல்லவில்லை என்றால் சேனலை மாற்றிவிடலாம்.